கோயில்காட்டுல புதர வெட்டுறதுக்கு முன்னாடி உள்ள யாரு குடியிருக்கான்னு பாத்துடுங்க

தம்பி, நீங்க கேட்டது இதுதான்: கடலூர் பக்கம் உங்க ஊருக்கு வெளிய ஐயனார் கோயில சுத்தி ஒரு மூணு ஏக்கர் காடு, ஒரே புதரும் முள்ளுமா கெடக்கு, பசங்கல்லாம் சேர்ந்து ஜேசிபி வச்சு சுத்தம் பண்ணிட்டு ஐநூறு மரக்கன்னு நடலாம்னு இருக்கீங்க, அதுக்கு முன்னாடி உள்ள என்ன செடி என்ன பிராணி இருக்கும்னு ஒரு லிஸ்ட் எடுக்கணும், பாம்பு பயமும் இருக்கு. லிஸ்ட் எடுக்கணும்னு தோணிச்சே, அதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு, நெறய ஊர்ல அது தோணுறதே கெடையாது. ஆனா ஜேசிபிய மட்டும் இப்பவே கேன்சல் பண்ணிடுங்க. மீதிய நிதானமா பேசுவோம்.

நீங்க புதர்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் காடே. நம்ம கடற்கரை ஓரத்துல விசாகப்பட்டினம் பக்கத்துலேந்து ராமநாதபுரம் வரைக்கும் ஒரு தனி வகை காடு இருந்துச்சு, உலர் பசுமைமாறாக் காடுன்னு சொல்வாங்க, 1968ல சாம்பியன், சேத்னு ரெண்டு வன அறிஞருங்க இந்தியக் காடுகள வகை பிரிச்சப்ப இதுக்குன்னு தனி எடம் குடுத்தாங்க. மழ ஏறக்குறைய 1000லேந்து 1300 மில்லிமீட்டர்தான், அதுவும் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகைல கொட்டிட்டு போயிடும், அப்பறம் ஆறு மாசத்துக்கு மேல வறட்சி, ஆனா எல நிக்குது, கொட்ட மாட்டேங்குது. எப்படின்னா எலயெல்லாம் தோல் மாதிரி தடிப்பா, கரும்பச்சையா, மேல மெழுகு பூசின கணக்கா இருக்கும், தண்ணி ஆவியாகுறது கொறயும். மரமும் உயரமா போகாது, பத்து மீட்டர் போனாலே பெருசு. கீழேந்து மேல வரைக்கும் கொடி பின்னிக்கிட்டு, பாக்குறவங்களுக்கு வெறும் புதர் மாதிரிதான் தெரியும். இந்த காடு இன்னிக்கு துண்டு துண்டாதான் மிச்சம் இருக்கு, கோடியக்கரை மாதிரி ஒன்னு ரெண்டு சரணாலயத்த விட்டா மிச்சமெல்லாம் பெரும்பாலும் உங்களோடது மாதிரி கோயில்காடுதான். பாண்டிச்சேரி பக்கம் ஈசிஆர்ல கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில் போயிருக்கீங்களா, போகலன்னா ஒரு தடவ பசங்கள கூட்டிட்டு போங்க, நல்லா இருக்குற கோயில்காடு எப்படி இருக்கும்னு கண்ணால பாத்துட்டு வந்தா உங்க காட்டுல என்ன இருக்கு என்ன போச்சுன்னு தானா புரியும்.

சரி செடி. மொதல்ல மரத்துலேந்து ஆரம்பிங்க, ஏன்னா அது ஓடிப்போகாது. காயா மரம் கண்டிப்பா இருக்கும், காசான்னும் சொல்வாங்க, எல எதிரெதிரா இருக்கும், பூக்குறப்ப பாத்தா மறக்கவே மாட்டீங்க, நுனில பூக்காது, கெளையோட கட்டயிலயே ஒட்டிக்கிட்டு ஊதாவும் நீலமும் கலந்து குட்டி குட்டியா கொத்து கொத்தா வரும், பெருமாள் நெறத்துக்கு உவமை சொல்ற காயாம்பூ இதுதான். அடுத்தது வீரை, அடிமரம் உருண்டையா இருக்காது, பள்ளமும் மேடுமா முறுக்குன மாதிரி இருக்கும், பழம் சின்னதா செகப்பா. அப்பறம் பாலை, உலக்கைப்பாலைன்னு சொல்றது, எல நுனி கூரா இல்லாம உள்ளார லேசா வெட்டுபட்ட மாதிரி இருக்கும், கிள்ளுனா பால் வரும், மஞ்சப்பழம் தித்திப்பா இருக்கும் ஆனா வாயெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிக்கும், உங்க தாத்தாகிட்ட கேட்டா மரம் எங்க இருக்குன்னு கண்ண மூடிட்டு சொல்லுவாரு. குருந்துன்னு ஒன்னு, காட்டு எலுமிச்சைன்னும் பேரு, முள்ளு இருக்கும், எலய கசக்கி மோந்தா எலுமிச்ச வாசம், அத வச்சே கண்டுபிடிச்சிடலாம். நாவல், வெப்பாலை, ஆத்தி, நுணா, உசில் இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

கருங்காலி இருந்தாலும் இருக்கலாம். இருந்தா அத ஸ்டேட்டஸ்ல போடாதீங்க, போட்டோ எடுத்து ஊரு பேரோட க்ரூப்ல விடாதீங்க. கருங்காலி மாலைக்கு இப்ப இருக்குற கிராக்கில என்னா நடக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

சின்ன மரம், முள்ளு, கொடி இதுலதான் விஷயமே இருக்கு, ஆனா சுத்தம்னு போறவங்க மொதல்ல அருவாள போடுறதும் இதுலதான். காரை, சூரை, சங்கமுள், ஆதொண்டை, பிரண்டை, வேலிப்பருத்தி, சிறுகுறிஞ்சான், பூனைக்காலி, குன்றிமணி, இதுல பாதியாவது உங்க காட்டுல இருக்கும். சிறுகுறிஞ்சான் எலய நல்லா தெரிஞ்ச பெரியவங்க காட்டினா மட்டும் ஒன்னு மென்னு பாருங்க, அதுக்கப்பறம் கொஞ்ச நேரத்துக்கு சக்கரைய வாயில போட்டா மண்ணு மாதிரி இருக்கும், இனிப்பே தெரியாது, பசங்கள காட்டுக்குள்ள இழுக்க இத விட நல்ல வித்தை கெடையாது. ஆனா குன்றிமணிய சின்ன புள்ளைங்க வாயில போடாம பாத்துக்கோங்க, பாக்க அழகா செகப்பும் கருப்புமா இருக்கும், கடிச்சு முழுங்கினா ஆளயே கொல்ற வெஷம் உள்ள இருக்கு. பூனைக்காலி காய் மேல இருக்குற சொணை பட்டா அன்னிக்கு பூரா சொறிஞ்சிக்கிட்டே இருக்கணும், காத்து அடிக்கிற பக்கம் நிக்காதீங்க.

இந்த முள்ளும் கொடியும் எதுக்குன்னு கேப்பீங்க. குருந்துலயே ஆரம்பிக்கிறேன். அந்த எலயில பறவை எச்சம் மாதிரியே ஒன்னு ஒட்டிக்கிட்டு இருக்கும், கிட்ட போயி பாத்தா அது புழு, காமன் மார்மன்ங்கற பட்டாம்பூச்சியோட புழு, சின்னதுல எச்சம் மாதிரி வேஷம், கொஞ்சம் பெருசானதும் பச்சயா மாறிடும், தொட்டா தலைக்கு பின்னாடிலேந்து செகப்பா ரெண்டு கொம்பு நீட்டி ஒரு நாத்தம் விடும். இதுல பொம்பள பட்டாம்பூச்சி மூணு விதமா வரும், ஒன்னு ஆம்பள மாதிரியே கருப்பு, இன்னொன்னு காமன் ரோஸ்ங்கற வேற பட்டாம்பூச்சி மாதிரி, மூணாவது கிரிம்சன் ரோஸ்ங்கற பட்டாம்பூச்சி மாதிரி. அந்த ரோஸ் ரெண்டும் ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி குடும்பத்து செடிய தின்னு வளர்றதால ஒடம்பெல்லாம் வெஷம், பறவை ஒரு தடவ தின்னு பாத்துட்டா அப்பறம் கிட்டயே போகாது, இது அந்த வேஷத்த போட்டுக்கிட்டு தப்பிச்சிக்குது. இப்ப யோசிங்க, உங்க காட்டுல தரையோட தரையா கெடக்குற ஆடுதின்னாப்பாளைய களைன்னு புடுங்கி போட்டா ரோஸ் பட்டாம்பூச்சி போச்சு, அது போனா இதோட வேஷத்துக்கும் மதிப்பு இல்ல. ஆதொண்டைய வெட்டினா கிரேட் ஆரஞ்ச் டிப் பட்டாம்பூச்சிக்கு முட்ட போட எடம் போச்சு, எருக்க வெட்டினா பிளெய்ன் டைகர் பட்டாம்பூச்சிக்கு போச்சு. செடி லிஸ்டும் பிராணி லிஸ்டும் தனித்தனியா எடுக்காதீங்க, எந்த செடில எது உக்காந்திருந்துச்சுன்னு சேர்த்தே எழுதுங்க, அப்பதான் அந்த நோட்டுக்கு உசுரு.

பறவைக்கு வந்தா, காலைல ஆறுலேந்து எட்டு மணிக்குள்ள போங்க, நடக்காதீங்க, ஒரு எடத்துல கம்முனு உக்காருங்க. டொங்க் டொங்க்குன்னு பாத்திரம் தட்டுற மாதிரி விடாம கேட்டா அது குக்குறுவான், ஆலும் அத்தியும் பழுத்தா அங்கதான் கெடக்கும். செம்போத்து, வால்காக்கை, மாங்குயில், தவிட்டுக்குருவி கூட்டம் எல்லாம் சுலபம். வெண்புருவக் கொண்டைக்குருவின்னு ஒன்னு, புதருக்குள்ளேந்து திடீர்னு கடகடன்னு பெருங்கொரல்ல கத்தும், ஆனா ஆளு சீக்கிரம் கண்ணுல படாது, வீட்டுகிட்ட பாக்குற சாதா கொண்டைக்குருவி மாதிரி கெடயாது, அதுக்கு அடர்த்தியான புதர் வேணும். அது இருந்தா உங்க காடு இன்னும் நல்லா இருக்குன்னு அர்த்தம்.

நான் உங்கள முக்கியமா தேட சொல்றது ஆறுமணிக் குருவிய. புரட்டாசி ஐப்பசில வடக்கேந்து வரும், அது குஞ்சு பொரிக்கிறது இமயமலை அடிவாரத்துலயும் நடு இந்தியாவுலயும், குளிர்காலத்துக்கு தெக்க எறங்குது. பச்ச முதுகு, மஞ்சக்கலந்த வயிறு, வால் அடியில செகப்பு, கண்ணுல கருப்பு பட்டை, வால் இருக்கா இல்லயான்னே தெரியாத அளவுக்கு குட்டை. விடியக்காலைலயும் பொழுது சாயற நேரத்துலயும் ரெண்டு தட்டா விசில் அடிக்கும், அதான் இந்த பேரு. இவ்ளோ கலரா இருக்குற பறவை மரத்து மேல இருக்கும்னு நெனைப்போம், ஆனா அது பகல் பூரா தரைல, நெழல்ல, சருக பொரட்டி பொரட்டி பூச்சியும் மண்புழுவும் தின்னுக்கிட்டு இருக்கும். சருகு இல்லன்னா அதுக்கு சோறு இல்ல. நீங்க சுத்தம்னு சொல்லி சருகக் கூட்டி அள்ளி எரிச்சீங்கன்னா அவ்ளோ தூரம் பறந்து வந்த பறவைக்கு எலய எடுத்துட்டு பந்தில உக்கார வச்ச கணக்குதான். மரவட்டை, தேள், சின்ன தவளை, கரையான் எல்லாத்துக்கும் அந்த சருகுதான் வீடு. ஆகவே கூட்டுறதுன்னா பிளாஸ்டிக், பாட்டில், கிழிஞ்ச துணி, பொங்கல் வச்ச எடத்து குப்பை, இத மட்டும் பொறுக்குங்க. அதுக்கு கையி போதும், வெளக்குமாறு வேணாம்.

பட்ட மரத்தயும் விடுங்க. மரங்கொத்தி அதுல பொந்து போடும், அது காலி பண்ணின பொந்துல மைனா வரும், புள்ளி ஆந்தை வரும், அணில் வரும், வாடகை வீடு மாதிரி கை மாறிக்கிட்டே இருக்கும். பாதைக்கு மேல சாஞ்சு நிக்குற மரமா இருந்தா மட்டும் கெளைய கழிச்சு விடுங்க.

ராத்திரிக்கு ஒரு தனி லிஸ்ட் வேணும். மரநாய் இருக்குதான்னு பாக்க மரநாய பாக்க வேண்டியதில்ல, கோயில் மதில் மேல, பாறை மேல, இப்படி எடுப்பான எடத்துல கழிச்சு வச்சிருக்கும், குச்சியால கிளறிப் பாத்தா முழு முழு கொட்டையா இருக்கும். இந்த காட்டு மரங்கள்ல பாதிக்கு மேல சதைப்பழம் காய்க்கிற சாதி, வெதைய தூக்கிட்டு போறதுக்கு கொண்டைக்குருவியும் வௌவாலும் மரநாயும்தான் ஆளு, அதுங்க நட்ட மரம்தான் நீங்க பாக்குற காடு. பழந்தின்னி வௌவால் தொங்குற மரம் இருந்தா அது பக்கத்துல வெடி போடாதீங்க, தமிழ்நாட்டுல வௌவாலுக்காகவே தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊருங்க இருக்கு.

தேவாங்கு இருந்தா அதிர்ஷ்டம். உங்க பக்கத்து துண்டு காட்டுல இருக்குறது நிச்சயம்னு சொல்ல மாட்டேன், ஆனா தேடிப் பாக்கலாம். டார்ச்சுல செகப்பு கண்ணாடிப் பேப்பர கட்டிக்கிட்டு, மெதுவா, ஆள் உயரத்துலேந்து மரத்து பாதி உயரம் வரைக்கும் அடிச்சு பாருங்க, ரெண்டு கண்ணு பக்கத்து பக்கத்துல ஆரஞ்சா மின்னும், ஓடாது, மெல்ல மெல்ல நகரும், வாலு கெடையாது. வெள்ள லைட்ட நேரா கண்ணுல அடிச்சு போட்டோ எடுக்காதீங்க. இதுக்கும் அந்த கொடிதான் ரோடு, தேவாங்கு தாவாது, கெளைக்கு கெளை கைய நீட்டி புடிச்சுதான் போகும், நடுவுல கொடிய அறுத்துட்டா தரைல எறங்கணும், எறங்கினா நாய், இல்லன்னா வண்டி. கெட்ட சகுனம், மாந்திரீகம்னு சொல்லி அத கொல்றவங்களும் இருக்காங்க, வனவிலங்குச் சட்டம் 1972ல அது முதல் அட்டவணைல இருக்கு, தொட்டாலே கேஸ். இன்னொரு பக்கம் பாத்தா கரூர், திண்டுக்கல் மாவட்டத்துல கடவூர் பக்கம் தேவாங்குக்குன்னே 2022ல 11,806 ஹெக்டேர்ல சரணாலயம் அறிவிச்சிருக்காங்க, இந்தியாவுலயே அதுதான் மொதல்.

இப்ப பாம்பு. இருக்கும், இல்லாம எப்படி. ஆனா பாக்குறதுல பாதி சாரை, பச்சைப்பாம்பு, கொம்பேறி மூக்கன். கொம்பேறி மூக்கன் கடிச்சுட்டு சுடுகாட்டு மரத்துல ஏறி பொகை வருதான்னு பாக்கும்னு உங்க ஊர்லயும் சொல்வாங்க, அதுக்கு மனுஷன கொல்ற வெஷமே கெடையாது, பல்லி ஓணான் தவளை தின்னுக்கிட்டு மரத்துல திரியிற பாவப்பட்ட ஜீவன். நீங்க பயப்பட வேண்டியது நாலு பேருக்கு, நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். காட்டுக்குள்ள போறப்ப கோயில் எல்லை வரைக்கும் செருப்பு போடாத வழக்கம் இருந்தா பெரியவங்ககிட்ட பேசி சர்வே பண்ற அன்னிக்கு மட்டும் ஷூ போட அனுமதி வாங்கிடுங்க, சருகுக்குள்ள கைய விடாதீங்க, கட்டைய பொரட்டணும்னா குச்சியால, அதுவும் உங்க பக்கமா தூக்குங்க, அப்ப உள்ள இருக்குறது எதிர்ப்பக்கமா ஓடும். கடிச்சா கட்டு போடுறது, கீறி விடுறது, மந்திரிக்கிறது எதுவும் வேணாம், ஆள நடக்க விடாம 108க்கு அடிச்சு நேரா பெரியாஸ்பத்திரி, அங்க குடுக்குற மருந்து இந்த நாலு வெஷத்துக்கும் சேர்த்துதான். புத்து இருந்தா இடிக்காதீங்க, கட்டினது கரையான், பாம்பு சும்மா குடிவந்தது, ரெண்டும் காட்டுக்கு வேணும். உடும்ப புடிக்க ஆளு வந்தா வெரட்டி விடுங்க, அதுவும் முதல் அட்டவணைதான்.

முசுறு எறும்பு கூடு தலைக்கு மேல தொங்கும், அத மட்டும் ஒரு தடவ தள்ளி நின்னு பாருங்க. காஞ்ச எல இல்ல, மரத்துல உசுரோட இருக்குற பச்ச எலய எலயோட சேர்த்து தச்சிருக்கும். வரிசையா எறும்புங்க எல ஓரத்த கடிச்சு இழுத்துப் புடிச்சிக்கிட்டு நிக்கும், வேற எறும்புங்க வாயில தன் கூட்டத்து புழுவ கவ்விக்கிட்டு வந்து, அந்த எலக்கும் இந்த எலக்கும் மாத்தி மாத்தி ஒத்தும், புழு வாயிலேந்து பட்டு நூல் வரும், அதுதான் தையல். எல்லாத்தயும் பாத்துட்டு அந்த கூட்ட தட்டி விடுற பசங்கள கூட வச்சுக்காதீங்க, கடி தாங்காது.

மரம் நடுற விஷயம். உள்ள நடாதீங்க. குனிஞ்சு பாத்தீங்கன்னா பெரிய மரத்தடி நெழல்லயே காயாவும் வீரையும் குருந்தும் ஜாண் உயரத்துல நூத்துக்கணக்குல நிக்கும், வருஷக்கணக்கா அப்படியே நின்னுக்கிட்டு மேல ஒரு கெள ஒடிஞ்சு வெளிச்சம் விழுந்ததும் சட்டுனு எந்திரிக்கும், அதுங்கதான் உங்க கன்னு. அந்த எடத்துல குழி தோண்டி புங்கனும் தூங்குமூஞ்சியும் கொண்டு வச்சா இருக்குற காட்ட அழிச்சு பார்க்கு பண்றதுதான். எங்க நடலாம்னா ஓரத்துல, சீமைக்கருவேல் புகுந்த எடத்துல. அது 1877 வாக்குல இந்தியாவுக்கு கொண்டு வந்தது, வெட்டினா வெட்டின எடத்துலேந்து நாலா முளைக்கும், வேர்க்கட்டையோட எடுக்கணும், மண்வெட்டி கடப்பாறைதான், கஷ்டம்தான், ஆனா ஜேசிபி வந்தா சுத்தி இருக்குற காயா வேரும் சேர்ந்து போகும். உண்ணிச்செடிய பழம் வெக்கிறதுக்கு முன்னாடி புடுங்குங்க, ஒரே நாள்ல மொத்தத்தயும் வேணாம், அதுக்குள்ள கூடு கட்டியிருக்குற குருவி போறதுக்கு எடம் இல்லாம போயிடும், ஒரு பக்கத்துலேந்து கொஞ்சம் கொஞ்சமா வாங்க, காலியாகுற எடத்துல உடனே கன்னு வைங்க, வெட்டவெளியா விட்டா மறுபடி அதேதான் வரும்.

கன்னுக்கு நர்சரி போக வேணாம், வெத உங்க காட்டுலயே இருக்கு. பழுத்து விழுறப்ப பொறுக்கி, சதைய கழுவி, வெயில்ல காய வைக்காம அன்னிக்கோ மறுநாளோ பைல போட்டுடுங்க, இந்த சாதி மர வெதைங்க நெறய காஞ்சா செத்துடும், டப்பால போட்டு வச்சு அடுத்த வருஷம் போடலாம்னு நெனைச்சா முளைக்காது. புரட்டாசி கடைசில மழைக்கு முந்தி நடுங்க. வளர்ச்சி மட்டும் மெதுவா இருக்கும், ரெண்டு வருஷத்துல நெழல் வேணும்னு எதிர்பாத்தா ஏமாந்து போவீங்க, பாலையெல்லாம் பேரன் காலத்து மரம். ஆரோவில்ல 1968லேந்து வெறும் செம்மண் பொட்டல்ல ஆரம்பிச்சு காடு ஆக்குனாங்க, அப்பறம் இந்த உள்ளூர் காட்டு மரங்கள திருப்பி கொண்டு வர அவங்க வெத எடுத்தது சுத்துவட்டார கோயில்காடுங்கள்லேந்துதான், அப்ப உங்க மூணு ஏக்கர் வெறும் மூணு ஏக்கர் இல்ல, வெதக்கிடங்கு.

பேரு கண்டுபிடிக்க ஆப் இருக்கு, போட்டோ போட்டா சொல்லும், பறவைக்கு பரவால்ல, இந்த காட்டு செடிக்கு பல தடவ தப்பா சொல்லும். அத விட ஆடு மேய்க்கிறவங்க, பூசாரி, மருந்து தழை பறிக்கிற பாட்டிங்க, இவங்கள ஒரு நாள் கூட்டிட்டு போங்க. ஊருக்கு ஊர் பேரு மாறும், உங்க ஊர் பேரையே எழுதுங்க, பூவும் காயும் எலையோட முன்பக்கம் பின்பக்கமும் போட்டோ எடுத்து வச்சா பக்கத்து காலேஜ் தாவரவியல் வாத்தியார் யாராவது அறிவியல் பேர சொல்லிடுவாரு.

அந்த நோட்ட வீட்டுல வைக்காதீங்க. பல்லுயிர்ச் சட்டம் 2002 படி ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதணும். உங்க பஞ்சாயத்துல குழு பேப்பர்ல மட்டும் இருந்தாலும் இருக்கும், போயி கேளுங்க, உங்க லிஸ்ட்ட அதுல ஏத்த சொல்லுங்க. மதுரை பக்கம் அரிட்டாபட்டிய 2022ல தமிழ்நாட்டோட மொதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க, அது பெருசு, 193 ஹெக்டேர், ஆனா 2025ல ரெண்டாவதா அறிவிச்ச திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வெறும் 4.97 ஹெக்டேர் கோயில்காடு, பன்னெண்டு ஏக்கர் சொச்சம்தான். சின்ன காடுன்னு யாரும் ஒதுக்கல, கைல பதிவு இருந்தாதான் நாளைக்கு ரோடு போடுறேன்னு வர்றவங்ககிட்ட எடுத்து காட்ட முடியும்.

கடைசியா நீங்க கேட்ட ஹைமாஸ் லைட், அதான் உயரமான கம்பத்துல போடுற பெரிய லைட். கும்பாபிஷேகத்துக்கு யாரோ தர்றேன்னு சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்க, அது வேணாம், ராத்திரி பிராணிங்களுக்கு இருட்டு வேணும், பாதைக்கு மட்டும் கீழ பாக்குற மாதிரி சின்ன லைட் ரெண்டு போட்டு, விசேஷ நாள்ல எரிய விட்டு மத்த நாள்ல அணைச்சிடுற மாதிரி சுவிட்ச் வச்சு கேளுங்க, அதே பணத்துல கோயில் வாசல்ல தண்ணி டேங்கும் குப்பைக்கூடையும் வாங்கிடலாம்.